பனியும் பருவக்காற்றும்: மலையகத்தில் வானிலை முன்னறிவின் வரலாறு

பனி என்னும் ஒரு சொல்லைக் கொண்டே தமிழர் பல பொருள்களை உணர்த்தி வந்துள்ளனர். விடியற்காலையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. பள்ளத்தாக்கை மூடும் புகைபோன்ற படலமும் பனி. இமயத்தின் உச்சியில் உறைந்து கிடப்பதும் பனியே. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த பழந்தமிழ் மரபு முன்பனி, பின்பனி என இரண்டு பொழுதுகளைப் பனிக்கே ஒதுக்கியது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலோடு பின்பனியும் உரியன எனத் தொல்காப்பியம் கூறும். இவ்வளவு நுணுகிப் பொழுதை நோக்கிய மரபிலும், பனியின் வகைகளைப் பிரித்துத் தனித்தனிப் பெயரிட வேண்டிய தேவை பெரிதும் எழவில்லை. வெப்பமிக்க சமவெளிகளிலே நெல்லும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்த மக்களுக்கு மழையின் வரவே முதன்மையான கவலை. பனி அவர்களுடைய பயிரைக் கொல்லும் பகையாக இருக்கவில்லை. அம்மக்களுட் பல்லாயிரவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கடல் கடந்து, இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களிற் குடியிருத்தப்பட்ட பின்னரே பனி அவர்களுடைய உழைப்போடும் ஊதியத்தோடும் தொடர்புடைய ஒன்றாயிற்று.

அல்ப்ஸ் மலைச் சாரலிலும் காசுமீரத்துக் குல்மார்க்கிலும் பனியின் ஆழத்தையும் தன்மையையும் முன்கூட்டி அறிவிப்பது இன்று ஒரு தொழில். பனிச்சறுக்கு விளையாட வருவோர் அவ்வறிவிப்பைப் படித்துத் தம் பயணத்தைத் திட்டமிடுகின்றனர். பூண்டுலோயா, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா ஆகிய இடங்களில் வாழ்வோருக்குப் பனி பற்றிய முன்னறிவு விளையாட்டன்று. அது கொழுந்தின் அளவையும், அந்நாளின் பேரையும், சில வேளைகளில் உயிரையும் பற்றியது. மலையகத்து வானிலை அறிவு எவ்வாறு தோன்றி வளர்ந்தது, அது யாருக்காகச் சேர்க்கப்பட்டது, யாரைச் சென்றடைந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மழைப்பனியும் உறைபனியும்

மழைப்பனியும் உறைபனியும் வேறு வேறானவை. மழைப்பனி வானிலிருந்து விழுவது. முகிலினுள்ளே நீராவி நேரே பனிப்பளிங்காக மாறித் தரையை அடைவது. உறைபனி தரையிலேயே தோன்றுவது. குளிர்ந்த இலையையும் புல்லையும் தொட்ட நீராவி அங்கேயே வெண்படலமாக உறைவது. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவின் புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும் படங்கள் வெளிவரும்போது, இலங்கையிலே மழைப்பனி பெய்துவிட்டதெனப் பலர் வியப்பதுண்டு. அது உறைபனியே.

இலங்கையில் மழைப்பனி பெய்யாமைக்குக் காரணம் எளிது. உயரம் கூடக்கூட வெப்பநிலை குறையும். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் 6.5 பாகை செல்சியசு குறையும் என்பது பொதுக்கணக்கு. ஈரம் மிக்க அயனமண்டல வளியில் இக்குறைவு இன்னும் மெதுவாகவே நிகழும். ஆகவே இத்தீவின் மேலே வெப்பநிலை உறைநிலையை அடைவது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோமீற்றர் உயரத்திலாகும். நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையின் உயரமோ 2,524 மீற்றரே. முகிலிற் பனிப்பளிங்கு தோன்றினும் அது தரையை அடையுமுன் உருகி மழையாகிவிடுகின்றது. நிலநடுக்கோட்டை அடுத்திருந்தும் கிளிமஞ்சாரோவின் உச்சியிற் பனிக்கட்டி இருப்பதற்கு அதன் 5,895 மீற்றர் உயரமே காரணம்.

உறைபனியின் இயல்பு வேறு. வடகீழ்ப் பருவக்காற்றின் மழை ஓய்ந்த பின், வறண்ட காற்று மலைநாட்டை அடைகின்றது. அவ்வேளையில் இரவு வானம் முகிலின்றித் தெளிந்திருக்கும், காற்றும் அசையாது. பகலிற் பெற்ற வெப்பத்தை நிலம் தடையின்றி வானுக்கு இழக்கின்றது. தரையை ஒட்டிய வளி குளிர்ந்து, கனமாகி, நீர் வழிந்தோடுவது போலச் சரிவிலே இறங்கிப் பள்ளங்களில் தேங்குகின்றது. மலைச்சரிவிலுள்ள தேயிலை தப்ப, அதன் கீழுள்ள தாழ்நிலத்துத் தேயிலை கருகுவது இதனாலேயே. காலைக் கதிரவன் பட்டதும் உறைந்த இளங்கொழுந்து விரைவாக உருகிக் கறுத்துவிடுகின்றது.

வானிலை அறிவிப்பைப் படிப்போர் இவ்விடத்திலேதான் பெரும்பாலும் தவறுகின்றனர். நுவரெலியாவின் குறைந்த வெப்பநிலை 4 பாகை என அறிவிக்கப்பட்டால், உறைநிலைக்கு மேல் இருப்பதால் உறைபனி இல்லை என்று கருதுவர். அறிவிக்கப்படும் வெப்பநிலையோ தரையிலிருந்து ஏறத்தாழ ஓராள் மார்பளவு உயரத்தில், காற்றுப் புகும் மரப்பெட்டியினுள் வைக்கப்பட்ட வெப்பமானி காட்டுவது. தெளிந்த, அசைவற்ற இரவில் புல்லின் மட்டம் அதைவிடச் சில பாகை குளிர்ந்திருக்கும். பள்ளத்திலுள்ள புல் இன்னும் குளிர்ந்திருக்கும். மேலும், பூண்டுலோயா நகரம் நுவரெலியாவிலும் பல நூறு மீற்றர் தாழ்ந்தது. அதைச் சூழ்ந்த தோட்டங்களின் மேற்பிரிவுகளோ நகரத்திலும் மிக உயர்ந்தவை. ஆகவே ஒரே அறிவிப்பு நகரத்துக்கு ஒரு பொருளும், மேற்பிரிவின் சரிவுக்கு வேறொரு பொருளும், அச்சரிவின் அடிப்பள்ளத்துக்கு மூன்றாவதொரு பொருளும் தரும். முன்னறிவிப்பு என்பது ஓர் எண். அதைத் தன் நிலத்துக்குரிய அறிவாக மாற்றுவது படிப்பவருடைய கடமை.

இமயத்தின் பனியும் தாது வருடப் பஞ்சமும்

பனியைக் கண்டு பருவத்தை முன்னுரைக்கும் முயற்சி தென்னாசியாவிலே தொடங்கியதற்கும் மலையகத் தமிழரின் வரலாற்றுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டு. 1876ஆம் ஆண்டிலே பருவமழை பொய்த்துத் தென்னிந்தியாவைக் கொடும் பஞ்சம் பற்றியது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தைத் தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் வைத்துள்ளனர். பல இலட்சம் மக்கள் மாண்டனர். உயிர் தப்பியோரிற் பெருந்தொகையினர் பிழைப்பு நாடி இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கிப் புறப்பட்டனர்.

அப்போது இந்திய வளிமண்டலவியல் திணைக்களம் தொடங்கி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1875இல் நிறுவப்பட்ட அத்திணைக்களத்தின் தலைவராக இருந்தவர் ஹென்றி பிளான்போர்ட். பஞ்சத்தின் கொடுமை கண்ட அரசு, அடுத்து வரும் பருவமழை பற்றி முன்கூட்டியே அறிவிக்க இயலுமா என அவரிடம் வினவியது. அவ்வினாவுக்கு விடை தேடிய பிளான்போர்ட் இமயமலைப் பக்கம் தம் பார்வையைத் திருப்பினார். குளிர்காலத்திலும் இளவேனிலிலும் இமயத்தில் மிகுதியாகப் பனி பெய்த ஆண்டுகளில் இந்தியாவிற் பருவமழை குன்றியதை அவர் கண்டார். கதிரவனின் வெப்பத்திற் பெரும் பகுதியைப் பனிப்பரப்பு திருப்பி அனுப்பிவிடுகின்றது. எஞ்சிய வெப்பமும் பனியை உருக்குவதிலே செலவாகின்றது. இதனால் நிலம் சூடேறத் தாமதமாகின்றது. நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டினால் இயங்கும் பருவக்காற்று வலுவிழக்கின்றது. இக்கருத்தை 1884இல் அவர் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1882 முதல் 1885 வரை சோதனை முறையில் முன்னறிவிப்புகளைத் தயாரித்தார். 1886இல் முறைப்படியான முதலாவது நெடுங்கால முன்னறிவிப்பு வெளிவந்தது.

பிளான்போர்ட்டின் பின் வந்த ஜோன் எலியற், இமயப் பனியோடு இந்து சமுத்திரத்தினதும் அவுத்திரேலியாவினதும் நிலைமைகளையும் சேர்த்துக்கொண்டார். எனினும் 1899ஆம் ஆண்டில் நன்மழை எதிர்பார்க்கப்பட்டிருக்கக் கடும் வரட்சி வந்தது. 1904இற் பொறுப்பேற்ற கில்பேட் வோக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். பனியை மட்டும் நம்புவது போதாது எனக் கண்ட அவர், உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த அழுத்த, வெப்ப, மழைக் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். இயந்திரங்கள் இல்லாத அக்காலத்தில் எண்ணற்ற பெருக்கல்களையும் கூட்டல்களையும் கையாற் செய்து முடித்தவர்கள் அவருடைய அலுவலகத்து இந்திய எழுதுவினைஞர்கள். பசிபிக் சமுத்திரத்திலும் இந்து சமுத்திரத்திலும் அழுத்தம் துலாத்தட்டுப் போல ஏறியிறங்கும் தென்னலைவு அவ்வுழைப்பிலிருந்தே வெளிப்பட்டது. 1876-1878 வரட்சியின் பின்னே பசிபிக்கில் எழுந்த பேராற்றல் மிக்க எல் நினோ இருந்தது என்பது பிற்கால ஆய்வுகளின் முடிபு. எனினும் பிளான்போர்ட்டின் கருத்து முற்றாக மறைந்துவிடவில்லை. செய்மதிப் படங்களைக் கொண்டு யூரேசியாவின் பனிப்பரப்பை அளந்த ஹான், சுக்லா ஆகியோர் 1976இல், மிகுபனிக்கும் குறைமழைக்கும் இடையிலான தொடர்பை மீண்டும் எடுத்துக்காட்டினர்.

பனி பற்றிய முன்னறிவிப்புக் கலையைத் தோற்றுவித்த வரட்சியும், பெருந்தொகைத் தமிழரை மலைநாட்டுக்குத் தள்ளிய வரட்சியும் ஒன்றே என்பது ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. அரசு அதனாற் பெற்றது ஓர் அறிவியல். தோட்டங்கள் பெற்றவை உழைக்கும் கைகள். பஞ்சம் மீண்டும் வருமா என்று அறிய எண்கள் திரட்டப்பட்டன. அதே பஞ்சத்தால் ஊர்விட்டுப் பெயர்ந்தவர்களோ அவ்வெண்களைக் காணாத தொலைவிலே, முன்னறியாத குளிரிலே வாழத் தலைப்பட்டனர்.

தோட்டத்து மழைமானி

மலைநாட்டின் குளிர் ஆங்கிலேயருக்கு ஒரு வரமாகத் தோன்றிற்று. 1824 முதல் 1831 வரை ஆள்பதியாகக் கடமையாற்றிய எட்வேர்ட் பான்ஸ் நுவரெலியாவை உடல்நலம் தேறும் இடமாக வளர்த்தார். 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் அங்கு ஆங்கிலப் பாணியிலான பண்ணையொன்றை அமைக்க முயன்றார். 1861இல் ஹக்கலையிற் சிங்கோனாப் பயிருக்கென ஒரு தாவரத் தோட்டம் நிறுவப்பட்டது. தம் நாட்டை நினைவூட்டிய குளிரை அவர்கள் விரும்பி ஏற்றனர். வெப்பச் சமவெளியிலிருந்து மெல்லிய ஆடையோடு வந்த தொழிலாளிக்கு அதே குளிர் கம்பளியையும் விறகையும் தேட வைத்த துன்பமாயிற்று. கோப்பிக் காலத்திற் பருவந்தோறும் வந்து மீண்டவர்கள் பலர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயினாற் கோப்பி அழிந்து, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் முறையாகப் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பெற்றபோது அந்நிலை மாறியது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் கை வேண்டி நிற்பது. ஆகவே உறைபனிக் காலமும் தொழிலாளியின் வாழ்வில் நிலையான ஒரு பகுதியாயிற்று. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியபின் உயர்மலைத் தேயிலை மேலும் பரவிற்று.

பயிரோடு வானிலை அறிவும் வளர்ந்தது. 1880 முதல் 1882 வரை கோப்பி நோயை ஆராய்ந்த மார்ஷல் வாட், நோயின் வித்துகள் காற்றினாற் பரவுவதையும், ஈரமான இலையில் அவை முளைப்பதையும் விளக்கினார். பூண்டுலோயாவிலே தேயிலைத் துரையாக இருந்த எட்வேர்ட் ஏர்னஸ்ட் கிறீன், அங்கிருந்தே பூச்சிகளை ஆராய்ந்து பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரானார். இலங்கையின் செதிற்பூச்சிகள் பற்றி 1896 முதல் 1922 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட பெருநூலிலே பூண்டுலோயாவின் பெயர் பலமுறை இடம்பெறுகின்றது. இவ்வாறு இச்சிற்றூர் உலக அறிவியற் பதிவேட்டில் முன்னரே இடம்பிடித்துவிட்டது.

வானிலை அவதானங்கள் முதலில் நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பில் இருந்தன. 1907இல் கொழும்பு அவதான நிலையம் நிறுவப்பட்டது. ஆயினும் மலைநாட்டின் மழைக்கணக்கிற் பெரும் பகுதி தோட்டங்களிலிருந்தே வந்தது. தோட்டத்து அலுவலகத்தின் முன்னே, வேலியிட்ட சிறு நிலத்திலே மழைமானி நிற்கும். புனல் பொருத்திய உருளையிலே சேர்ந்த நீரை நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து பதிவேட்டிற் குறிப்பர். மழையிலும் பனியிலும் தவறாது செய்யப்பட வேண்டிய பணி இது. ஒரு நாள் தவறினும் கணக்குப் பிழைக்கும். அறிக்கைகளில் தோட்டத்தின் பெயர் நின்றது. குவளையைக் கையில் ஏந்தியவருடைய பெயர் நிற்கவில்லை. வோக்கரின் எழுதுவினைஞர்களைப் போலவே இவர்களும் பெயரற்ற அறிவியற் பணியாளர்கள் எனலாம்.

அதே பதிவேடு தோட்டத்தின் வருவாயையும் காட்டியது. திம்புள்ளைப் பகுதித் தேயிலை தன் சிறந்த மணத்தைப் பெறுவது தை முதல் பங்குனி வரையான வறண்ட காலத்திலாகும். குளிர்ந்த இரவும் வறண்ட காற்றும் கொழுந்தின் வளர்ச்சியை மந்தப்படுத்த, மணமும் சுவையும் செறிகின்றன. ஏலச் சந்தையில் அத்தேயிலைக்கு உயர்ந்த விலை கிடைக்கும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் நிலையோ இதற்கு மாறானது. வளர்ச்சி குன்றினால் கூடை நிறையாது. உறைபனியில் மலை கருகினால் இன்னும் நிறையாது. குறித்த நிறை எட்டாதவிடத்து அரைப்பேர் போடும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. விலையை உயர்த்திய அதே குளிர், பறித்தவரின் பேரைப் பாதியாக்கியது. ஒரு வானிலை நிகழ்ச்சி ஒருவருக்கு நற்செய்தியாகவும் மற்றொருவருக்குத் தீச்செய்தியாகவும் இருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கதிரொளியைக் கொண்டு நோயை முன்னறிதல்

மலையகத்திலேயே உருவாகி, அங்கேயே பயன்பட்ட முன்னறிவு முறையொன்றும் உண்டு. 1946இல் தேயிலையின் கொப்புளக் கருகல் நோய் இலங்கையிற் காணப்பட்டது. இளங்கொழுந்தையே தாக்கும் இந்நோய், கோப்பிக்கு நேர்ந்த கதி தேயிலைக்கும் நேருமோ என்ற அச்சத்தை எழுப்பியது. 1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதை ஆராய்ந்தது. இலை நீண்டநேரம் ஈரமாக இருந்தால் நோய் பரவும். வெயில் ஏறினால் அடங்கும். ஆகவே மழையின் அளவைவிடக் கதிரொளியின் நேரமே சிறந்த அறிகுறியாயிற்று.

கதிரொளியை அளக்கும் கருவி எளிமையும் அழகும் வாய்ந்தது. திண்ணிய கண்ணாடிக் கோளமொன்று கதிரைக் குவித்து, அதன் பின்னேயுள்ள அட்டையிலே கரிக்கோடு ஒன்றை எரிக்கும். வெயில் உள்ளபோது கோடு நீளும். முகில் மூடும்போது அறும். மாலையில் அக்கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைய கதிரொளி நேரம் தெரியவரும். விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரும் கதிரொளிக்கும் மழைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1961இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முன்னோடியானது. சில நாட்களின் கதிரொளிச் சராசரி குறைந்தால் மருந்து தெளிப்பது, கூடினால் தவிர்ப்பது என்னும் நெறி இவ்வாய்வுகளின் வழியே உருவாயிற்று. இதனால் வீண்செலவு குறைந்தது. மருந்துக் கலத்தை முதுகிற் சுமந்தவரின் வீண்சுமையும் குறைந்தது. முன்னறிவு மலையை அடைந்து, மலையிற் பயன்பட்டமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

எச்சரிக்கை யாருக்கு?

1948ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையாக நினைக்கத்தக்கது. கொழும்பு அவதான நிலையத்தின் பணிகளை ஏற்று இலங்கையின் வளிமண்டலவியல் திணைக்களம் அமைந்தது அவ்வாண்டிலே. அதே ஆண்டிலேதான் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. நாட்டு மக்களுக்கு வானிலையை அறிவிக்கும் நிறுவனம் தோன்றிய வேளையில், நாட்டின் மிகக் குளிர்ந்த, மிக ஈரமான சரிவுகளில் உழைத்தவர்கள் அந்நாட்டு மக்களாகக் கணிக்கப்படவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இந்தியா சென்றவர்களுட் பலருக்கு நீலகிரியின் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அவர்களுக்கென 1968இல் தமிழ்நாட்டரசு தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியிருந்தது. நீலகிரியிலும் குளிர்காலத்தில் உறைபனி உண்டு. தேயிலை கருகுவதும் உண்டு. நாடு மாறியும் அவர்களுடைய வானிலை பெரிதும் மாறவில்லை.

அறிவிப்பு உரியவரை அடையாவிடின் நேரும் கேட்டை 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் உணர்த்திற்று. பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தில், தொடர்மழையின்பின் சரிந்த மண் லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, அறிவிப்பும் இருந்தது. வேறிடத்தில் நிலமும் வீடும் இல்லாதவர்களுக்கு அவ்வெச்சரிக்கை எவ்வாறு பயன்பட்டிருக்கும் என்ற வினாவுக்கே விடை இருக்கவில்லை.

மண்சரிவு எச்சரிக்கை இன்று மழைமானியின் அளவையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறுதல் என்பன அதன் படிகள். ஒருகாலத்தில் தேயிலை விளைச்சலைக் கணிக்க அளக்கப்பட்ட அதே நீர் இன்று உயிர்காக்க அளக்கப்படுகின்றது. தோட்டத்து மழைமானி அன்று அலுவலகத்தின் முன்னே நின்றது. அதன் எண் அலுவலகத்துக்கே உரியதாக இருந்தது. இனி அவ்வெண் லயத்து வாயிலையும் எட்டவேண்டும். எட்டுவதோடு விளங்கவும் வேண்டும்.

இவ்விடத்திலே மொழியின் பணி தொடங்குகின்றது. மழைப்பனி, உறைபனி, மூடுபனி என்னும் சொற்கள் பாடநூல்களில் உள்ளன. அவை மலையிலும் வழங்கும்போதே அறிவிப்பு அறிவாகும். தெளிந்த வானம், அசையாத காற்று, தாழ்ந்த பள்ளம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் விடியலில் கொழுந்து கருகும் என்பதை அறியக் கருவி வேண்டியதில்லை. மாலையில் வெளியே வந்து அண்ணாந்து பார்க்கும் எவரும் அறியலாம். பழந்தமிழர் பொழுதை நோக்கிய கண் அதுவே. அக்கண்ணோடு மழைமானியின் எண்ணும், அவ்வெண் கூறும்போது எழுந்து செல்வதற்கு ஓர் இடமும் சேருமாயின், மலையகத்தின் வானிலை அறிவு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதனைச் சுமந்தவர்களுக்கே உரியதாகும்.